அமுத்துங்க, பிடிங்க

முதலில் அழகு பார்த்ததுதான் நான் செய்த தப்பு.

பிடமனேரிச் சந்தில் வெயில் சுவரேறும் முன்
ஜென் காரின் பம்பரைச் சுற்றி நாடா ஒட்டினேன்.
இருபது வருஷ வெயில் தின்ற பிளாஸ்டிக்,
சாம்பல் பூத்த கரி மாதிரி.
நானூறாம் நம்பர் தாள், பிறகு எண்ணூறு,
தண்ணீர் தொட்டுத் தொட்டு.
காரோடு சேர்ந்து விரல்ரேகையும் தேய்ந்தது.
திங்கட்கிழமை ஆபீஸ் வருகை எந்திரம்
என்னை யாரென்று மூன்று தடவை கேட்டது.

மெல்லிசாய் மூன்று பூச்சு.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
காபி ஆறிப் பாலாடை கட்டும் நேரம்.
கதவுப் பட்டை, கண்ணாடியின் காது,
வைப்பருக்குக் கீழே அந்த நீள ஓடு,
எல்லாம் புதுக் கரும்பலகையின் மின்னாத கறுப்பு.
எதிர்வரிசைக்குப் போய் நின்று
என் காரையே யாரோ ஒருத்தியின் காராகப் பார்த்தேன்.

அழகு நிற்கும். வண்டி நிற்க வேண்டுமே.

போன மாதம் தொப்பூர் இறக்கத்தில்
ரெட்டைப் பாலத்துக்கு முந்தின வளைவில்
மிதி தரையைத் தொட்டது.
முன்னால் வெங்காய லோடு.
‘ஒலி எழுப்புக’ என்ற பின்பலகையில்
‘ழு’ மட்டும் கண்ணாடி முழுக்க.
மூன்றாம் கியர், இரண்டு, கைப்பிரேக்,
பிறகு ரோடு போட்டவர்கள் அள்ளாமல் விட்ட மண்மேடு.
அந்தக் கருகல் நாற்றம்
இரண்டு தலைக்குளியல் வரை முடியில் இருந்தது.

ஓசூரில் பழைய இரும்புக் கடை.
எஸ்டீம் ஒன்றின் காலிப்பர் ஜோடி.
“வண்டி யாரோடது?” என்னோடது.
“மெக்கானிக்?” நான்தான்.
கடைக்காரர் ஐம்பது ரூபாய் குறைத்தார்;
பரிதாபமா மரியாதையா, பில்லில் எழுதவில்லை.
டிஸ்க்கும் பேடும் புதுசாகவே வாங்கினேன்:
இரண்டு தகடு ஒட்டியது போல், இடையில் காற்றுக்குச் சந்து.

மற்றதெல்லாம் ஒற்றை ஆளாய் முடிந்தது.
குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற மட்டும்
இன்னொரு கால் வேண்டும்.

பக்கத்து வீட்டு வாசலில் சென்றாயன்.
லாரி ஓட்டுகிறார். ஒன்றரை அடி நிலத்துக்கு
என் மேல் கேஸ் நடத்துகிறார், நாலு வருஷமாய்.
எங்களுக்குள் பேசிக்கொள்வது வக்கீல்கள்தான்.
பல் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு,
“கால் வேணுமா?” என்றார்.

அமுத்துங்க.
பிடிங்க.
(நட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன்.)
விடுங்க.

சக்கரத்தடியில் நான், ஸ்டீயரிங்கில் அவர்.
முகம் தெரியாது. செருப்பு மட்டும் தெரியும்.
ரப்பர் குழாயில் குமிழி குமிழியாய் வந்தது.
உவமை தேட நேரமில்லை:
மூடும் முன் அவர் காலெடுத்தால்
வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போகும்.
ஒரு தடவைகூட அவர் முந்தவில்லை.

கடைசிச் சக்கரத்தில், உதவியாய் இருக்கட்டும் என்று
இறங்கி வந்து அவரே ஆயில் ஊற்றினார்.
வைப்பர் ஓட்டின் மேல் நாலு சொட்டு.
பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும்;
லாரிக்காரருக்குத் தெரிய நியாயமில்லை,
அவர் பிரேக்கில் ஓடுவது காற்று.
நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள்
மூன்று பூச்சும் சுருண்டு எழுந்தது.

“இதுக்கும் கேஸ் போட்ருவீங்களா?” என்றார்.
கை முழுக்க ஆயில், சிரிப்பைத் துடைக்க முடியவில்லை.

மறுநாள் விடியலில், பாளையம் டோல்கேட்டுக்கு முன்னால்,
அறுபதிலிருந்து பத்துக்கு, பத்து முறை,
முழுசாய் நிற்காமல் நிறுத்திப் பழக்கினேன்.
பிறகு இறக்கம்.
மிதி மேலேயே நின்றது, கெட்டியாய்.
மண்மேட்டை யாரோ அள்ளிவிட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை வாய்தா.
அந்த ஒன்றரை அடியை நான் விடுவதாயில்லை.
அவரும் விடமாட்டார்.
நானூறாம் நம்பர் தாள் ரெண்டு மிச்சம் இருக்கிறது.
ஓட்டில் அந்த நாலு சொட்டை மட்டும்
இன்னும் தேய்க்கவில்லை.