நல்லி

கழனிவாசலில் சிக்கந்தர் பாயின் கறிக்கடை.
தொடையெலும்பின் மூட்டுத்தலை மட்டும் கேட்கிறேன்.
"சூப்புக்கா, குழம்புக்கா?"
இரண்டுக்கும் இல்லை என்றால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும்.
ஆகவே, சூப்புக்கு.
"அப்ப நடுத்துண்டு வாங்குங்க மேடம்,
அதுலதான் நல்லி. குடிச்சா ரத்தம் ஊறும்.
தலையில என்ன இருக்கு, வெறும் பஞ்சு."

எனக்கு வேண்டியது அந்தப் பஞ்சு.

ஆய்வகத்தில் நான்கு நாள் கழுவுகிறேன்.
நீர், சோப்புக் கரைசல், மறுபடி நீர்.
கொழுப்பு போகிறது, சிவப்பு போகிறது,
ஆடு என்பது கடைசியாகப் போகிறது.
மிஞ்சுவது கல்கண்டு அளவில் ஒரு வெள்ளைத் துண்டு.
உள்ளே அறைக்குள் அறை, அதற்குள் அறை,
ஒருவரும் இல்லை.
"இந்த ஊரில் ஆளில்லாத வீட்டுக்கா பஞ்சம்?"
என்கிறான் சாத்தப்பன்.
கானாடுகாத்தானில் நாற்பத்தெட்டுக் கதவுள்ள ஒன்றில்
அவனுக்குப் பதினாறில் ஒரு பங்கு.
பூட்டு மட்டும் அவன் செலவு.

இரவு இரண்டேகாலுக்கு
பிரசவ வார்டிலிருந்து அமலோற்பவம் சிஸ்டர்:
"கொடி தயார்."
ஸ்கூட்டரில் கால்களுக்கிடையே பெட்டி,
செக்காலை ரோடு முழுக்க நாய்கள்.

வலி தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தோம்.
பெயரை எழுதக் கூடாது, எங்களுக்கு அவள் பதினேழு.
பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்:
"இத எடுத்தா பிள்ளைக்குக் குறையுமா?"
"குறையாதும்மா, குப்பைக்குப் போறதுதான்."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அறுபது மில்லி.
அதில் அநேகமாக எல்லா அணுக்களுக்கும்
தன் வேலை தெரியும்.
ஒன்று மூச்சைச் சுமக்கும், ஒன்று சண்டைக்குப் போகும்,
ஒன்று காயத்தின் வாயை அடைக்கும்.
நான் தேடுவது இன்னும் எதுவும் ஆகாததை.
குருத்தணு. நூறில் ஒன்றுகூடத் தேறாது.

முன்பு தட்டையான தட்டில்தான் வளர்த்தோம்.
பெருகின. பெருகிய வேகத்தில்
ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டன.
எண்ணிக்கை ஏறும், குருத்து முற்றும்.
வாரக் கடைசியில் கூட்டம் இருக்கும்,
கூட்டத்தில் நான் தேடியவர் இருக்கமாட்டார்.

பெருகு, முற்றாதே.
இப்படி ஒரு கோரிக்கையை
யாரிடம் வைக்க முடியும்?

எலும்பிடம் வைத்தேன்.
சுவர் கொடுத்தேன், மூலை கொடுத்தேன்,
மேலும் கீழும் பக்கமும் கொடுத்தேன்.
காற்றை மட்டும் குறைத்தேன்.
மஜ்ஜைக்குள் அப்படித்தான்:
இருட்டு, நெருக்கடி, பாதி மூச்சு;
அதுதான் அவற்றுக்கு வசதி.

சித்திரையில் ஒருநாள் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
மூன்று மணி நேரம்.
பதினொன்றின் அணுக்கள் அத்தனையும் போயின.
அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை,
கோட்டையூர்ப் பக்கம் தவழ்ந்துகொண்டிருக்கும்.
இருந்தும் அன்று மதியம்
டிபன் பாக்ஸை மூடியே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பதினேழின் பதினான்காம் நாள் இன்று.
சாயமிட்டுப் பார்க்கிறேன்.
சுவரில் முதுகை ஒட்டி
உருண்டை உருண்டையாய் உட்கார்ந்திருக்கின்றன,
எந்த அவசரமும் இல்லாமல்.
குருத்து மட்டும் எண்ணினால் ஆறு மடங்கு.
சாத்தப்பன் கருவியைத் திட்டினான்.
மறுபடி எண்ணினான். ஆறு.
மூன்றாம் முறை ஒன்றும் பேசாமல் எண்ணினான்.

யாருக்கும் தரமுடியாது இதை.
ஓர் எலிக்குக்கூட இன்னும் இல்லை.
ஒரு துண்டு, ஒரு தடவை.
அடுத்த எலும்பு வேறு மாதிரிச் சொல்லலாம்.

அதற்காகத்தான் திரும்பவும் கழனிவாசல்.
மூட்டுத்தலை நான்கு.
தராசில் போட்டபடி சிக்கந்தர் பாய்,
"இத்தன சூப்பு குடிக்கிறீங்களே,
ரத்தம் ஊறுதா?"

"ஊறுது பாய்,"
என்றேன்.