ஆபத்து ஏதுமில்லை

டான்யூபில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது,
கெண்டை எந்த நேரம் இரை எடுக்கும்,
எல்லாம் சொல்லுமாம். இலவசம்.
ராட்கோ இறக்கிக்கொண்டான்.
தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை அவன்.
நான் பார்த்திருக்க வேண்டும்.
ரூசே துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளுக்கு
முத்திரை சரியா என்று பார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

அன்றிலிருந்து திரையில் அம்புக்குறிக்குப் பதில்
ஒரு சின்ன மீன்.
போகும் இடமெல்லாம் வாலை ஆட்டியது.
எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரியில் கணினிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.
ஒரு பக்கம் திறப்பதற்குள்
அடுப்பில் பீன்ஸ் சூப் கொதித்துவிடும்.
பழசாகிவிட்டது என்றான் ராட்கோ.
எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரே மருந்துச் சீட்டு:
பாய்லர், முழங்கால், நாங்கள்.

இரவில், அவன் தூங்கிய பின்,
நான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.
யாருக்கும் அனுப்பவில்லை.
'தனியாக' என்ற சொல் அதில் ஒன்பது முறை வருகிறது.
கோப்புக்கு நான் வைத்த பெயர்
'சூரியகாந்தி எண்ணெய், பழைய ரசீதுகள்'.
அதை இந்த வீட்டில் யார் திறப்பார்கள்?

திறந்தவர்கள் இருந்தார்கள்.

மறுவாரம் அவன் ஆற்று மட்டம் பார்க்க உட்கார்ந்தபோது
ஓரத்தில் ஒரு விளம்பரம்:
ஓரறை வீடு, தனிநபருக்கு ஏற்றது.
அதற்குக் கீழே விவாகரத்து வக்கீல்,
முதல் ஆலோசனைக்குக் கட்டணமில்லை.
அதற்கும் கீழே ஒற்றைக் கட்டில், மெத்தையோடு.
அவன் அழுத்தவில்லை. மூடவுமில்லை.
அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்குப் போய்
தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தான்,
ஆறு உறைந்து கிடந்த நாளில்,
கையுறை இல்லாமல்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
காது இருந்துவிட்டுப் போகட்டும்.
இதற்கு வாயும் இருந்தது.

சனிக்கிழமை இஸ்க்ராவுக்குப் போன் செய்தேன்,
அலுவலகத்தில் கணினிகளைப் பார்ப்பவள்.
எதையோ மென்றுகொண்டே சொன்னாள்:
முதலில் இணைய ஒயரைப் பிடுங்கு.
வங்கிக் கணக்கை அதில் தொடாதே.
புதிதாக என்ன இறக்கினீர்கள்?
சொன்னேன்.
மெல்லுவது நின்றது.
"மீனா? ஐயோ நெவேனா, மீனா?"

துப்புரவு நிரலை ஒரு பென் டிரைவில் தருவதாகச் சொன்னாள்.
நான் கேட்கவில்லை, ராட்கோவே போனான்,
பனியில், சைக்கிளில்.
திரும்பி வந்து, குல்லாயைக்கூடக் கழற்றாமல்,
முழங்காலுக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி
கேமராவின் கண்ணை மூடினான்.

இரண்டு நாற்காலி. ஒரு திரை.
பச்சைக் கோடு ஊர்ந்தது.
கோப்புகளின் பெயர்கள் ஓடின:
கல்யாணப் படங்கள், வரி, கார் இன்சூரன்ஸ்.
அறுபத்து மூன்று சதவீதத்தில் கொஞ்சம் தயங்கியது,
சூரியகாந்தி எண்ணெய், பழைய ரசீதுகள்.
நான் மூச்சு விடவில்லை.
ஆபத்து ஏதுமில்லை என்றது நிரல்,
அடுத்ததற்குப் போனது.
அதற்கென்ன தெரியும்.

கண்டுபிடித்தவை: நாற்பத்தொன்று.
தட்டும் எழுத்தையெல்லாம் குறித்துக்கொள்ளும் ஒன்று,
நிமிடத்துக்கொரு முறை திரையைப் படமெடுக்கும் ஒன்று,
பெயரே இல்லாமல் வெறும் எண்ணாக ஒன்று.
நீக்கவா என்று கேட்டது.
அவன் கை சுட்டியின் மேல். என்னைப் பார்த்தான்.
"எல்லாவற்றையுமா?"
"இந்த நாற்பத்தொன்றை" என்றேன்.
மீன் ஒருமுறை துடித்து
அம்புக்குறி ஆனது.

பிறகு புதுக் கடவுச்சொல்.
ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று
சொல்லியனுப்பியிருந்தாள் இஸ்க்ரா.
பெயர் வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம்,
உங்களைத் தெரிந்தவர் ஊகிக்கக்கூடிய எதுவும் வேண்டாம்.
பதினாறு வருடமாகிறது.
அப்படி ஏதாவது என்னிடம் மிச்சம் இருக்கிறதா என்று
விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

நாற்காலி நகரும் சத்தம்.
ராட்கோ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.
அங்கே ஒன்றுமில்லை. மூடுபனி.
அக்கரையில் ருமேனியாவின் இரண்டு விளக்குகள்.
"தட்டு" என்றான். "நான் பார்க்கவில்லை."