பச்சை வாசனை போகும் வரை

சாஸ்கட்டூன் மருத்துவர்
என் குடலின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்.
பூம்பட்டுப்போல் இருக்க வேண்டிய இடம்
அறுவடை முடிந்த வயலாக மொட்டையாய்க் கிடந்தது.
கோதுமைதான், என்றார்.
இனிமேல் ஒரு துணுக்கும் கூடாது.
அதற்குப் பிறகுதான் கேட்டார்:
என்ன தொழில் செய்கிறீர்கள்?

வீட்டுக்கு இரண்டரை மணி நேர வண்டி.
கடைசிப் பத்து நிமிடமும்
இரண்டு பக்கமும் என் கோதுமை.
ஜூலை. பால் பிடிக்கும் பருவம்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன்,
கடன்காரன் தெருவைக் கடப்பவனைப்போல.

வீட்டில் டோஸ்டர் இரண்டானது.
என்னுடையதில் டார்க்கா
நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டாள்.
"சுட்டுத்தர எனக்கு நேரமில்லை, நெஸ்டர்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
மாவு கடையில் இருக்கிறது, கை உன்னிடம் இருக்கிறது."

கொண்டைக்கடலை மாவு ஒரு பை.
ஃபாவா மொச்சை மாவு ஒரு பை.
முதல் ரொட்டியை நாய் கவ்விக்கொண்டு போய்ப்
பனியில் புதைத்தது.
ஏப்ரலில் பனி உருகியபோது
வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கோதுமை மாவு பிசையப் பிசையக் கைகோத்துக்கொள்ளும்;
இழுத்தால் வரும், விட்டால் திரும்பும்.
பயறு மாவு
பக்கத்து வீட்டுப் பெயர் தெரியாத நகரம்.
நடுவில் உட்கார்ந்து பேசிச் சேர்த்து வைக்க
மூன்று முட்டை வேண்டும்,
ஒரு கரண்டி இசப்பகோல் உமி வேண்டும்
(மருந்துக்கடைப் பெண் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு
அனுதாபமாகச் சில்லறை கொடுத்தாள்).

இன்னொன்றும் கற்றேன்.
கரைத்த மாவை விரலில் தொட்டு நக்கக் கூடாது.
நாக்கில் பச்சைப் புல்லும் பழைய ஆணியும் கசக்கும்;
அந்தக் கணத்தில் முடிவெடுத்தால்
மொத்தத்தையும் கொட்டிவிடுவாய்.
நான் இரண்டு முறை கொட்டினேன்.
மூன்றாம் முறை
வெறும் வாணலியில், சின்னத் தீயில்,
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு வீசும் மாலையில்
மாவை வறுத்துக்கொண்டே நின்றேன்,
பச்சை வாசனை போகும் வரை.
போனது.
சொல்லாமல்தான் போனது.
அதன் இடத்தில் வேர்க்கடலை ஓடு உடைத்ததுபோல் ஒரு மணம்.
பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த டார்க்கா
ஒரு காலோடு நின்று, யார் வந்திருக்கிறார்கள்? என்றாள்.

ஈஸ்டருக்குப் பாஸ்கா சுட வேண்டும்.
பாஸ்கா என்றால் மேலே பின்னல் வேண்டும்.
என் மாவைப் பின்ன முடியாது:
திரித்தால் அறுகிறது, ஒட்டினால் வழிகிறது.
கடைசியில் ஒரு காபி டப்பாவில் ஊற்றிச் சுட்டேன்.
உச்சியில் தானாகவே ஒரு வெடிப்பு விழுந்தது,
வளைந்து, குறுக்கே கிளைத்து.
சிலுவை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோயில் கூடத்தில் கூடைகள் வரிசையாக.
எல்லார் பின்னலும் முட்டைப் பூச்சில் மினுங்க
என் டப்பா ரொட்டி நடுவே
ராணுவத்தில் சேராதவன்போல் நின்றது.
பாதிரியார் நீர் தெளித்துக்கொண்டே நடந்தார்.
மாவுக்கு மாவு அவர் கை நிற்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒலிங்கா ஹவ்ரிலுக்
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.
கைமாற்றுக் கேட்பவள்போல் தாழ்ந்த குரலில்,
"எத்தனை முட்டை?" என்றாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
மூன்று என்றேன்.
வறுக்க மறக்காதே என்றேன்.

மே மாதம் வழக்கம்போல் கோதுமைதான் விதைத்தேன்.
விற்கும், கடன் அடைக்கும்,
ரயிலேறி யார் யார் வாய்க்கோ போகும்.
அவர்களுக்கு நன்றாகச் செரிக்கட்டும்.
கிழக்கு மூலையில் மட்டும் நாற்பது ஏக்கர் மொச்சை.
டார்க்கா கணக்குப் போட்டுப் பார்த்து
லாபம் இல்லை என்றாள்.
இல்லைதான்.

மதியம் டிராக்டர் படியில் உட்கார்ந்து
என் ரொட்டியைத் தின்றேன்.
இன்னும் கொஞ்சம் உதிரத்தான் செய்கிறது.
கடலே இல்லாத இந்த ஊருக்கு
எங்கிருந்தோ வரும் கடற்காகம் ஒன்று
உழுத மண்ணில் இறங்கி,
விழுந்த துணுக்கைக் கொத்தி,
தலையைச் சாய்த்து யோசித்து,
அடுத்ததற்காக நின்றது.