அட்டை

வத்தலக்குண்டிலிருந்து மினிலாரியில் சுருண்டு
மலையேறி வந்தது எழுபது அடிச் சிவப்பு.
நாள் வாடகை நாலாயிரம். கறை பட்டால் தனி.
போன மாதம் ஒரு காதுகுத்துக்கு விரித்தோம்.
அதற்கு முன்னால், மந்திரி வந்து திறந்த பால் பண்ணைக்கு.
இன்றைக்குக் கொடைக்கானல். ஏரி பார்த்த ஓட்டல்.
மூன்று நாள் ஐப்பசி மழையில் ஊறிய புல்வெளியின் மேல்
சினிமாக்காரர்களின் விருது இரவு.

என் வேலை ஓரம்.
டேப்பும் கத்தரியுமாக மண்டியிட்டே நகர்வேன்.
எங்கே கம்பளம் தலை தூக்குகிறதோ அங்கே ஒட்டுவேன்.
ஆகவே நான் கண்ட நட்சத்திரங்கள் யாருக்கும்
முழங்காலுக்கு மேல் உடம்பு கிடையாது.

மயில்கழுத்துப் பட்டின் விளிம்பை
உள்பக்கம் மடித்துக் குத்திய நாலு ஊக்கு.
கல் பதித்த செருப்புக்குள், தோலுரிந்த குதிகாலில் பிளாஸ்திரி.
வேட்டியில் வந்து கைதட்டு வாங்கிய கதாநாயகனுக்கு
உள்ளே கம்பளிக் கால்சட்டை, கணுக்கால் வரை.
யாரோ ஒருத்தியின் வெற்று முதுகைப் பற்றி
மேலே பேசிக்கொண்டார்கள்.
எனக்குத் தெரிந்தது அவள் கெண்டைக்காலில்
குத்திட்டு நின்ற மயிர்.

"இன்னைக்கு யாரை உடுத்தியிருக்கீங்க மேடம்?"
மைக் கேட்கிறது.
"ஆளையா உடுத்துவாங்க?" என்கிறான் சவேரி.
எங்கள் பனியன் முதுகிலும்
முதலாளி பேர்தான், போன் நம்பரோடு.

பிறகு தியாமினி இறங்கினாள்.
காரிலிருந்து அவளும்
அவளுக்குப் பின்னால் எட்டடி வெள்ளைத் துணியும்.
வாலைத் தூக்க இரண்டு பெண்கள், விரிக்க ஒருத்தி.
படத்துக்காக ஒரு காலைப் பின்னால் மடக்கியபோது
செருப்பின் அடி தெரிந்தது.
டேப்.
நான் ஒட்டுகிற அதே பழுப்பு டேப்.
கீறல் விழாமல் காலையில் பெட்டியில் வைத்துத் திருப்பவேண்டும் போல.

நான் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
செருப்பைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போதுதான், உதடு அசையாமல் சொன்னாள்: "அட்டை."
சிரிப்பு அப்படியே இருந்தது. "அட்டை, அட்டை."
மேனேஜர் கார் பக்கம் ஓடினார், எடுத்துவர.
வாசல் காவலர் வணக்கம் வைத்து,
"உங்களுக்கெல்லாம் அட்டை எதுக்கு மேடம், முகமே போதும்."

எனக்குத் தெரிந்துவிட்டது.
கணுக்காலில், பட்டைக்குச் சற்று மேலே,
கறுப்பாக, ஈரமாக, மினுமினுப்பாக,
உடம்பைப் பிடித்த தையலில் ஒன்று.
அழைக்காமல் வந்தது அது மட்டும்தான்.
அன்றிரவு சொந்தமாக உடுத்தி வந்ததும்
அது மட்டும்தான்.

என்னிடம் இருந்தது
மத்தியானம் சோளக்கதிருக்குக் கொடுத்த பொட்டலத்தின் மிச்சம்.
உப்பு. மிளகாய்த்தூளும் கலந்த உப்பு.
யோசிக்க நேரமில்லை. வைத்தேன். அமுக்கினேன்.
அது சுருண்டு விழுந்தது.
அவள் வாய் திறந்தது.
நூறு பல்ப் ஒரே நேரத்தில் வெடித்தன.

மறுநாள் பேப்பரில் பெரிய படம்:
'மேடை ஏறும் முன்பே கண்கலங்கிய தியாமினி.'
படத்தின் இடது மூலையில்
கத்தரித்தது போக
என் கட்டைவிரல் நகம் இருக்கிறது. சவேரி நம்பவில்லை.

அட்டைக் கடி சீக்கிரம் நிற்காது.
விருதோடு அவள் திரும்பி நடந்து வந்தபோது
ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொட்டு.
அந்தச் செருப்பைத் திருப்ப முடியாமல்
விலை கொடுத்தே வாங்கினாளாம்,
ஓட்டல் பையன் சொன்னான்.

ராத்திரி மூன்று மணிக்கு முதலாளி
டார்ச் அடித்து எழுபது அடியும் நடந்தார்.
"பரவாயில்லையே. ஒரு கறை இல்லை."
நான் சுருட்டத் தொடங்கினேன்.
பாதி வரும்போது பெருவிரலில் ஈரம் பட்டது.
மழையாக இருக்கும் என்று
பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.