வெ.'000

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
டயர் கடைக்கு மேல்மாடி.
ஏர்கோன் சொட்டுகிற இடத்தில் ஒரு மைலோ டின்.
ஆண்டுக் கணக்கை முடிக்கிற வாரம்.

சிங்கப்பூர்க் கடிதத்தில் 3.2 எம்எம்.
கோலாலம்பூருக்கு ஓர் எம் போதும்.
வங்கியில் கேட்டால் ஜூத்தா.
லண்டனில் பழகிய கிழட்டுப் பங்குதாரருக்கோ
எம் என்றால் வெறும் ஆயிரம்.
போன வருஷம் ராத்திரி பதினொன்றுக்கு
ஃபோன் அடித்தார்:
"தோட்டம் மூவாயிரத்துக்கா போச்சு?"

நான் கிராணி.
யாருக்கு எந்த எழுத்தோ அதைப் போட்டுத் தருவேன்.
சைபர்களை அடைத்துவைக்கத்
தலைப்பிலேயே இடம் உண்டு:
வெ., பக்கத்தில் ஒரு கொசுக்கால், மூன்று சைபர்.
அதன்பிறகு கீழே எல்லா எண்ணும் வாலறுந்த பல்லி.
லாரி 212.
உரம் 1,840.
இயக்குநர் படி 655.
ஐந்நூறுக்குக் கீழே எது வந்தாலும்
ஒரு கோடு.

குறிப்பு பதினான்கு, நிலுவை ஊதியம்.
மிச்சம் ஒரே ஆள்.
அஞ்சலதேவி த/பெ முனியாண்டி, மூன்றாம் டிவிஷன்,
உதிரிப்பழம் பொறுக்கிய ஏழு ஞாயிற்றுக்கிழமை.
நானூற்று எண்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு.
கோடு போட்டேன்.
கூட்டல் சரியாக வந்தது.
அவள் இல்லாமலே சரியாக வந்தது.

வியாழக்கிழமை வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
"நம்ம கணக்கு ஏறிருச்சா?"
"ஏறிருச்சு."
"எங்க, காட்டுங்க."
திரையைத் திருப்பினேன்.
கோட்டில் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கண்ணாடியில் விரல் பட்ட இடம் மங்கியது.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
பையிலிருந்து 555 நோட்டை எடுத்தாள்.
அவள் பிடிக்கிற கூட்டு, இருபது பேர்,
மழையில் ஊறி உப்பிய பக்கம்:
மாரியாயி 2
பொன்னி 3½
சலீமா 1
இரண்டென்றால் இருநூறு.
சைபர் எழுதினால் மை செலவாம்.
அரையை மட்டும் விடவில்லை.

கடைசி வரி, ஆபீஸ் கிராணி 1.
பக்கத்தில் ஒரு கோடு.
"இந்த மாசம் நீங்க இன்னும் குடுக்கல."

நூறு வெள்ளியை எடுத்து நீட்டினேன்.
கோட்டுக்குக் குறுக்கே
இன்னொரு கோடு கிழித்தாள்.

பாதிப் படி இறங்கியபின் குரல் மட்டும் வந்தது.
"அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கறதும்
இதே கோடுதானே, கிராணி?"

கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.