சீசன் கணக்கு

மாதம் பிறந்து பதினோராம் தேதிவரை அரிசி.
பன்னிரண்டிலிருந்து கேரட்.

மார்க்கெட் பின்வாசலில், லாரி கிளம்பிய பிறகு,
உடைந்தது, முறுக்கிக்கொண்டது, இரட்டைக்கால் முளைத்தது
எல்லாம் கிலோ பத்து ரூபாய்.
பெனிட்டா அதில் பொரியல் செய்வாள், குழம்பு வைப்பாள்,
ஒருமுறை தோசையும் ஊற்றினாள்.
அதைப் பற்றி இனி பேசுவதில்லை என்று
மூவரும் முடிவெடுத்திருக்கிறோம்.

காந்தலில் ஓர் அறை. வாடகை நாலாயிரத்து ஐநூறு.
மூன்றால் வகுபடும், அதனாலேயே பிடித்துப்போனது.
காலண்டர் அட்டையின் முதுகில்
நிரோஷா கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள்:
காஸ், பால், அரிசி, ரீசார்ஜ்.
கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, குளிர்.

கோயம்புத்தூரில் படிக்கிறவர்களுக்கு இது புரியாது.
வெந்நீர் வாளிக்கு இத்தனை யூனிட்,
மூன்று நாளாய்க் காயாத சுடிதாரை
இஸ்திரிப் பெட்டியால் காயவைக்க இத்தனை.
பசியும் இங்கே ஒரு பிடி அதிகம்.

பிப்ரவரியிலிருந்து கணக்கு உதைத்தது.
ஹார்லிக்ஸ் டப்பாவில் நாற்பது ரூபாய் குறைவு.
மூவரும் பி.எஸ்ஸி. கணிதம், மூன்றாம் ஆண்டு.
இரண்டு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
மூன்றாம் நாள் இரவு, அவர்கள் தூங்கியபின்,
சாக்லேட் கடைச் சம்பளத்திலிருந்து
நாற்பதை எடுத்து நானே டப்பாவில் போட்டேன்.
அடுத்த ஞாயிறு எண்ணினோம்.
அப்போதும் நாற்பது குறைந்தது.

பிறகு மே. மலர்க் கண்காட்சி.
எங்கள் சந்துவரை வெளியூர் வண்டிகள்.
இதுபோல் ஓர் அறை ஓர் இரவுக்கு மூவாயிரம் என்று
நிரோஷா எங்கோ கேட்டுவந்தாள்.
இரண்டு இரவுத் தூக்கத்தை விற்றால்
மூவருக்கும் தேர்வுக் கட்டணம்.
அவள் சொல்லி முடிக்கவில்லை,
பெனிட்டா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்தில், மகளுக்குப் பிரசவம்.
சுகப்பிரசவம் ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டோம்.
திங்கட்கிழமைக்கு மேல் ஆகட்டும் என்றும்.

விருதுநகர்க் குடும்பம். ஐந்து பேர், ஒரு குக்கர்.
நாங்கள் பெர்ன்ஹில்லில் தோழி அறையில்:
ஏழு பேர், மூன்று கம்பளி,
யார் கால் வெளியே என்பதற்கு முறை.
இரவெல்லாம் எனக்கு எங்கள் ஹீட்டர் ஞாபகம்.
ஐந்து பேரும் வாளி வாளியாய்க் குளிப்பது,
மீட்டரின் சிவப்பு விளக்கு
மூச்சு வாங்குவதுபோல் சிமிட்டுவது.

ஞாயிறு மாலை சாவி வாங்கப் போனோம்.
அந்த அம்மா வர்க்கியைக் கடித்துக்கொண்டே சொன்னார்:
"குடுத்து வச்ச பிள்ளைங்கம்மா நீங்க.
நாங்க காசு போட்டுப் பாக்குற மலைய
சும்மாவே பாக்குறீங்க."
ஆமாங்க என்றேன்.
சன்னலில் எங்கள் துணி இல்லாததால்
அப்போதுதான் அதில் மலை இருப்பதைப் பார்த்தேன்.

ஆறாயிரம். தரகு ஆயிரம்.
கரண்டுக்கு ஐநூறு எடுத்து வைத்தோம்.
கட்டணம் போக நானூற்று ஐம்பது மிச்சம்.

சுவர் அட்டையில் பென்சில் கோடு.
அவர்கள் பையன், மூன்றாவதோ நான்காவதோ,
பிப்ரவரிக் கூட்டலைச் சுற்றி வட்டம் போட்டு எழுதியிருந்தான்:
"அக்கா, மீதி 4 சேர்க்கலை."

நிரோஷா கூட்டிப் பார்த்தாள்.
பெனிட்டா கூட்டிப் பார்த்தாள்.
நாற்பது ரூபாய் தொலையவே இல்லை.
சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அப்படியானால், அன்றிரவு நான் போட்ட நாற்பது?

இருவரில் ஒருவருக்கு அந்த வாரம்
அட்டையில் எழுத முடியாத ஏதோ செலவு.
மாத்திரையோ, நாப்கினோ,
வீட்டுக்கு ஒரு பேருந்துச் சீட்டோ.
யார் என்று தெரிந்துகொள்ள
ஒரே ஒரு கேள்வி போதும்.

பேனா எடுத்தேன்.
பிப்ரவரி வரிசையில், கடைசிக் கட்டத்தில்,
குளிருக்கு நேராக
நாற்பது என்று எழுதினேன்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அதில் ஒருத்தி போய்
பாலுக்குத் தண்ணீர் கலந்தாள், மூன்று பேருக்கு.