பக்கம் நாற்பத்து மூன்று

டெல்பினாவின் முதல் புத்தகத்தில்
நாற்பத்து மூன்றாம் பக்கம் என் வீடு.
தண்டையார்பேட்டை குடியிருப்பு, மூன்றாவது மாடி,
நூற்றுத் தொண்ணூறு சதுர அடி.
படத்தில் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது.
குளியலறைக்குள் நின்றுதான் அதை எடுத்தாள்,
ஒரு காலை வாளியில் வைத்துக்கொண்டு.

அதற்கும் முன்னாலேயே அவளைத் தெரியும்.
எம்.சி. ரோடு பெயிண்ட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.
வண்ண அட்டையில் கம்பெனி வைத்த பெயர்கள்
அவளுக்கு ஆகாது.
பில்லின் பின்பக்கம் வேறு பெயர் எழுதித் தருவாள்:
அலசின காக்கி.
ஐஸ் பெட்டி நீலம்.
கல்மண்டபம் சிக்னல், மஞ்சள் விழுந்த நொடி.
முதலாளி திட்டினார்.
ஜனங்கள் அந்தப் பெயரையே சொல்லி வாங்கிப் போனார்கள்.
துறைமுகத்தில் கரி இறங்கிய காலம்.
வெள்ளை கேட்டு வருகிறவர்களிடம்
"எத்தனை நாளைக்கு வெள்ளை வேணும்?" என்பாள்.

பிறகு ஒரு வார இதழில் அரைப் பக்கம்.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்
பிள்ளை படிக்கிற ஒன்றரை அடி,
கட்டிலுக்குக் கீழே இருக்கிற இன்னொரு வீடு,
மாடிப்படி வளைவில் சண்டையில்லாமல் நிற்கும் ஏழு சைக்கிள்,
எல்லாவற்றையும் எழுதினாள்.
அடையாறிலிருந்தெல்லாம் கடிதம் வந்ததாம்.
அவள் அம்மா மட்டும்,
"நம்ம அலமாரிக் கதவே சாத்த மாட்டேங்குது,
இவ ஊருக்கு யோசனை சொல்றா."

புத்தகம் வந்த அன்று
என் பக்கத்தை எனக்கே படித்துக் காட்டினாள்:
'தண்ணீர் டிரம்மின் மேல் பலகை, பலகைமேல் மெத்தை.
இருக்கையும் சேமிப்பும் ஒன்றான எளிமை.'

எளிமை இல்ல டெல்பி, என்றேன்.
நாற்காலிய வித்துட்டேன்.
மூணு நாற்காலி.
அவர் கை வின்ச்சுல மாட்டின மாசம்.

டிரம்மில் உட்கார்ந்திருந்தவள்
சட்டென எழுந்துகொண்டாள்,
என் மடியிலிருந்து எழுகிற மாதிரி.

மறு பதிப்பில் ஒரு வரி சேர்க்கக் கேட்டாள்:
நாற்காலிகள் விற்கப்பட்டன.
இது அழகைப் பத்தின புக்கும்மா, என்றார் பதிப்பாளர்.
ரெண்டே வார்த்தை சார், என்றாள் இவள்.
அந்த இரண்டு வார்த்தைக்காக
எட்டு மாதம் எந்தக் கடையிலும் புத்தகம் இல்லை.
வார இதழ் அரைப் பக்கத்தைக் கால் பக்கமாக்கி
கடைசியில் அங்கே குக்கர் விளம்பரம் போட்டது.
செயினை மிண்ட் தெருவில் வைத்துத் தானே அச்சடித்தாள்.
அட்டைக்கு என்ன நிறம் என்று நான் கேட்கவே இல்லை,
அவளாகச் சொன்னாள்:
அலசின காக்கி.

இப்போது மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.
கல்லூரிப் பிள்ளைகள் அளவு நாடாவோடு படியேறி வந்து
என் டிரம்மின் உயரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.
உட்காருங்க என்றால் மட்டும்
தயங்கி நிற்கிறார்கள், டீயும் கையுமாக.
கீழே அவள் வீட்டைப் பார்த்தால் முகம் விழுந்துவிடுகிறது.
சுவரில் நாலு கட்டம், நாலு நிறம்,
பூசிப் பார்த்து விட்டது விட்டபடி,
பதினோரு வருஷமாக முடிவாகவில்லை.
அலமாரிக் கதவுக்கு இன்னும்
ஒற்றைச் செருப்புதான் முட்டு.

போன மாதம் ஒரு நாற்காலி வாங்கினேன்.
சிவப்பு பிளாஸ்டிக், கை வைத்தது.
வந்தாள், பார்த்தாள், விலை கேட்டாள்,
பழக்கத்தில் டிரம் மேலேயே உட்கார்ந்தாள்.
படம் எடுக்கலையா, என்றேன்.
கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
"எழுந்திரு, எழுந்திரு" என்று
எழுந்துவிட்ட அவளே என்னிடம் சொன்னாள்.
குடத்தோடு நாங்கள் இறங்கும்போது
மெத்தையும் பலகையும் புது நாற்காலியில் கிடந்தன,
டிரம் வாயைத் திறந்துகொண்டு.